மாத்திரையில் குறையாத சர்க்கரை: எனக்கு வந்திருப்பது எந்த வகை?

கடிதம் எழுதியவருக்கு 37 வயது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 34 வயதில் வேறு எதற்காகவோ ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததால், ‘பரம்பரையாக வரும் டைப் 2’ என்று சொல்லி மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் நன்றாகவே போனது. பிறகு கிளிமிபிரைடு சேர்ந்தது. ஐந்து மாதங்களாக டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். ஆனாலும் கடைசி ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் 212, சாப்பிட்ட பின் 318, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 10.1. உயரம் 172 செ.மீ. எடை 66 கிலோவிலிருந்து 58 ஆகிவிட்டது. இனிப்பைத் தொட்டு மூன்று வருடமாகிறது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். “இருந்தும் என் மனைவி, ‘வெளியில் ஒளித்துச் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்கிறாள், டாக்டர். நோயைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

சமீபத்தில் பார்த்த ஒரு மருத்துவர், “இது டைப் 1 பக்கம் சேர்ந்ததாக இருக்கலாம். இரண்டு டெஸ்ட் எடுத்துவிட்டு இன்சுலின் ஆரம்பிப்போம்” என்று சொல்லியிருக்கிறார். இவர் பயந்துபோய் டெஸ்ட் எடுக்காமலே திரும்பிவிட்டார். அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த ஒரே மாதத்தில் காலை எடுக்க வேண்டிவந்தது. அந்த நினைவு இவரை விடவில்லை. இன்சுலினை ஆரம்பித்தால் நிறுத்த முடியாதே என்ற பயமும் இருக்கிறது. டைப் 1 குழந்தைகளுக்குத்தானே வரும் என்பது ஒரு கேள்வி. நண்பர் ஒருவர் மாவுச்சத்தை அறவே விட்டு, மாத்திரைகளையும் நிறுத்தி நார்மலுக்கு வந்துவிட்டார், அடுத்த வாரத்திலிருந்து நானும் அப்படிச் செய்யட்டுமா என்பது இன்னொன்று. தங்கை தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றும், மனைவிக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்றும் போகிற போக்கில் சொல்கிறார். ஆறு வயது மகளுக்கும் இது வருமா என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மாவுச்சத்தையும் மாத்திரைகளையும் நிறுத்தட்டுமா என்று நீங்கள் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், இது அப்படியல்ல.

மாவுச்சத்தை நிறுத்தும் திட்டத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள்

நீங்கள் சாப்பிடும் மூன்று மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. டைப் 2 உள்ளவர்களில் பலருக்கு, அதிலும் இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு, இது அருமையான மருந்து. ஆனால் உடலில் இன்சுலின் மிகக் குறைவாக இருக்கும் ஒருவர் இதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தையும் அறவே நிறுத்தினால், உடல் எரிபொருளுக்காகக் கொழுப்பை வேகமாகக் கரைக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் அளவு மீறினால் ரத்தம் அமிலமாகிவிடும். கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை.

சாதாரணமாக இந்த நிலையில் ரத்தச் சர்க்கரை 300, 400 என்று ஏறி எச்சரிக்கை கொடுத்துவிடும். இந்த மாத்திரையோ சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதால், மீட்டரில் 250க்குக் கீழே, சில சமயம் 180 என்று காட்டும்போதே உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கலாம். “சர்க்கரை இறங்கிவிட்டதே” என்று நீங்கள் சந்தோஷப்படும் நேரத்தில் நீங்கள் ஐசியுவில் இருக்க வேண்டியவராக இருப்பீர்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காரணமில்லாத மூச்சு வாங்கல், அசதி, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் அந்த ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். “இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், கீட்டோன் பாருங்கள்” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தக் கீட்டோன் 0.6க்குள் இருந்தால் நார்மல். 1.5ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 3ஐத் தாண்டினால் அவசரம்.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 318 இருக்கும் உடலில் அது இன்னொரு ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின் தொடரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் நாளைக்கே கேளுங்கள். போனில் கேட்டாலும் போதும்.

உங்கள் நண்பர் சொன்னது பொய்யல்ல. உடல் எடை கூடியதால் டைப் 2 வந்தவர்களில் சிலர், முக்கியமாக நோய் வந்து சில வருடங்களுக்குள் கணிசமாக எடை குறைத்தவர்கள், மருந்தே இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் ஹெச்பிஏ1சியை 6.5க்குக் கீழே வைத்திருக்கிறார்கள். அவருடைய கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்ததும் அவருடைய சொந்த இன்சுலின் மறுபடி வேலை செய்திருக்கும். உங்களிடம் கரைப்பதற்குக் கொழுப்பு இல்லை. 58 கிலோவில் இருக்கும் நீங்கள் இன்னும் இளைக்கவே கூடாது.

வயதை வைத்து வகை சொல்ல முடியாது

இனி உங்கள் முதல் கேள்வி. டைப் 1 குழந்தைகளுக்கு மட்டும் வரும் என்பது பலரும் நம்புகிற விஷயம். உண்மையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் டைப் 1 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெரியவர்கள். 70 வயதிலும் வரும். ஒருவகையில் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நாங்கள்தான். 1990களின் பிற்பகுதி வரை மருத்துவ உலகமே ‘இன்சுலின் சார்ந்த’, ‘இன்சுலின் சாராத’ என்று சிகிச்சையை வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருந்தது. இப்போது காரணத்தை வைத்துப் பிரிக்கிறோம். 1936இலேயே ஹிம்ஸ்வர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர் நோயாளிகளுக்கு இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்து, சிலர் உடல் இன்சுலினுக்கு உடனே கட்டுப்படுகிறது, சிலர் உடல் கட்டுப்பட மறுக்கிறது என்று எழுதிவிட்டார். இது ஒரே நோயல்ல என்பதற்கு அதுவே நல்ல ஆதாரம்.

டைப் 2இல் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் தசையும் கல்லீரலும் கொழுப்பும் அதற்குச் சரியாக ஈடுகொடுப்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து வருடக்கணக்கில் மெல்லக் களைத்துப்போகிறது. டைப் 1இல் கதை வேறு. கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிறது. குழந்தைகளிடம் இது சில வாரங்களில், மாதங்களில் வெளிப்பட்டுவிடும். பெரியவர்கள் சிலரிடம் அதே தாக்குதல் மிக மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். ஆரம்பத்தில் பீட்டா செல்கள் ஓரளவு மிச்சம் இருப்பதால் மாத்திரையே போதும். பார்ப்பதற்கு டைப் 2 மாதிரியே இருக்கும். லாடா என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற இந்த மெதுவான டைப் 1தான் உங்களுக்கு இருக்கும் என்று அந்த மருத்துவர் சந்தேகப்படுகிறார். கடிதத்தைப் படித்த எனக்கும் அந்தச் சந்தேகம் பலமாகவே இருக்கிறது.

காரணங்களைச் சொல்கிறேன். நோய் வந்தபோதே நீங்கள் ஒல்லி. 66 கிலோ என்பது உங்கள் உயரத்துக்குப் பருமன் அல்ல. ஒன்றரை வருடத்தில் ஒரு மாத்திரை போதாமல் போய், மூன்று மாத்திரையும் தோற்றிருக்கிறது. உணவிலும் நடையிலும் எந்தக் குறையும் இல்லாதபோது எடை தானாக எட்டு கிலோ இறங்கியிருக்கிறது. அப்புறம் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன தங்கையின் தைராய்டு. பெரும்பாலான தைராய்டு குறைவுக்குக் காரணமும் இதேபோல உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்வதுதான். இந்தத் தன்னெதிர்ப்பு நோய்கள் ஒரே குடும்பத்தில் வேறு வேறு உறுப்புகளைப் பிடிப்பது சகஜம்.

34 வயதில் உங்களைப் பார்த்த மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று கோபப்பட வேண்டாம். உலகில் சர்க்கரை உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் டைப் 2தான். அப்பாவுக்கும் இருந்தது என்றால் யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபோது யாராவது நின்று யோசித்திருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. இவர் ஒளித்துச் சாப்பிட்டிருந்தால் எடை எட்டு கிலோ குறைந்திருக்குமா என்று நான் வாதாடப்போவதில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையில், நிறையச் சாப்பிட்டாலும் எடை குறையும். அதனால் அந்த வாதம் யாருக்கும் உதவாது. ஆனால் இன்சுலின் தீர்ந்துகொண்டிருக்கும் உடலில், எவ்வளவு சுத்தமாகச் சாப்பிட்டாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இரவெல்லாம் கல்லீரல் தானாகவே சர்க்கரையை விடுகிறது, அதைத் தடுக்க இன்சுலின் இல்லை. வெறும் வயிற்றில் 212 என்பது இவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

அந்த இரண்டு டெஸ்ட்

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதற்குத்தான் இந்த டெஸ்ட். இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள்.

முதலாவது ஜிஏடி ஆன்டிபாடி. பீட்டா செல்கள் மீது தாக்குதல் நடக்கிறதா என்பதற்கான தடயம். இது தெளிவாகப் பாசிட்டிவ் என்றால் உங்கள் விஷயத்தில் கேள்வி ஏறக்குறைய முடிந்தது. நெகட்டிவ் என்றால் முடிந்துவிடாது. டைப் 1 உள்ளவர்களிலேயே சிலருக்கு இது நெகட்டிவாக வரும். ஐஏ-2, இசட்என்டி8 என்ற வேறு இரண்டு ஆன்டிபாடிகளையும் அப்போது பார்ப்பார்கள்.

இரண்டாவது சி-பெப்டைட். கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைட் வெளியே வருகிறது. ஊசியாகப் போடும் இன்சுலினில் இது கிடையாது. ஆகவே ரத்தத்தில் இதை அளந்தால் உங்கள் சொந்தச் சுரப்பு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அதே ஊசிக் குத்தலில் ரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை குறைவாக இருக்கும் நேரத்தில் கணையம் தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை அளவு தெரியாமல் சி-பெப்டைட் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட்டும் கூடவே இருக்கட்டும்.

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்த சி-பெப்டைட் 0.6 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், சுரப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இன்சுலின் தவிர வேறு வழியில்லை. 1.8க்கு மேல் இருந்தால் இன்னும் நல்ல கையிருப்பு இருக்கிறது. ஆன்டிபாடி பாசிட்டிவாக இருந்தாலும்கூட மாத்திரைகளோடு சில காலம் போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் இன்சுலினும் சில மாத்திரைகளும் சேர்ந்த சிகிச்சை. எந்த நிலையிலும் கிளிமிபிரைடைத் தொடர்வதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்துகொண்டே வரும் பீட்டா செல்களை இன்னும் சுரக்கச் சொல்லி நெருக்கும் மருந்து அது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது போல.

இரண்டு டெஸ்ட்டும் லாடா இல்லை என்று சொன்னால்? அப்போது வேறு கதவுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணையம் வீங்கியோ கல் சேர்ந்தோ கெட்டுப்போனாலும் சர்க்கரை வரும், எடையும் இறங்கும். அதனால் டெஸ்ட் எப்படி வந்தாலும் வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுவதால் வருவது இன்னொன்று, உங்களுக்கு அது பொருந்தாது.

ஒரே ஒரு மரபணு பழுதானதால் வரும் சர்க்கரையும் இருக்கிறது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையில் இளவயதிலேயே, ஒல்லியானவர்களுக்கே வரும். வகையைக் கண்டுபிடிப்பது ஏன் இத்தனை முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது இந்த வகைதான். இதில் ஒரு பிரிவினர் டைப் 1 என்று நினைத்து வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள்; மரபணு டெஸ்ட் செய்து பார்த்தால் ஒரு சின்ன மாத்திரையே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். இன்னொரு பிரிவினருக்கு வாழ்நாள் முழுக்க லேசான சர்க்கரை இருக்கும். பொதுவாக மருந்தே தேவையில்லை. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட்டைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். அவர்களில் பலரை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற முடிந்திருக்கிறது. உங்களுக்கு ஊசி தேவைப்படலாம் என்று சொல்கிற அதே தர்க்கம்தான் அவர்களுக்கு ஊசி தேவையில்லை என்றும் சொல்கிறது.

அப்பாவின் கால்

அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த மாதமே காலை எடுத்தார்கள். அதைப் பார்த்த மகனுக்கு ஊசி என்றாலே நடுக்கம் வருவது இயல்பு. ஆனால் எது முதலில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும், ரத்த ஓட்டம் குறையும். புண் வந்தாலும் வலிக்காது. அது சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, நோய்த்தொற்றால் சர்க்கரை ஏறிக்கிடக்கும். ஆபரேஷனுக்கு முன் அதை வேகமாக இறக்க இன்சுலினைத்தான் கொடுப்பார்கள். குடும்பத்தின் கண்ணில் படுவது ‘இன்சுலின் போட்டார்கள், கால் போனது’ என்ற வரிசை. காலைப் பறித்தது அதற்கு முந்தைய வருடங்களின் சர்க்கரை. அப்பாவுக்கு அந்த ஊசியைச் சில வருடங்கள் முன்னதாகவே போட்டிருந்தால் கால் தப்பியிருக்க வாய்ப்பிருந்தது.

இன்சுலின் கடைசிக் கட்டம் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் வருகிறது. டைப் 1இல் அது முதல் கட்டம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடும் வரை, இந்த வகை வந்த பிள்ளைகள் பட்டினி போடப்பட்டு, சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோனார்கள். இன்று அதே நோயோடு ஐம்பது வருடம் தாண்டியவர்கள் இருக்கிறார்கள்.

‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாதே’ என்கிறீர்கள். லாடா உறுதியானால் நிறுத்த முடியாது என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். அது இன்சுலினுக்கு அடிமையாவதால் அல்ல. உடலிடம் சொந்தமாக இல்லாத ஒன்றைத் தினமும் கொடுக்க வேண்டியிருப்பதால். டைப் 2 ஆக இருந்து, சர்க்கரை ஏறிய நெருக்கடிக்காக இன்சுலின் போட்டவர்கள் பிறகு மாத்திரைக்குத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. இப்போதைய பேனாவின் ஊசி 4 மில்லிமீட்டர்தான். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதைவிட வலி குறைவு என்று பலரும் சொல்கிறார்கள்.

உண்மையான ஆபத்து தாழ்சர்க்கரை. 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஊசி போடக் கற்றுக்கொள்ளும் அதே நாளில் இதையும் நீங்களும் மனைவியும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடப்பவர் நீங்கள். அந்த நேரத்தில்தான் இறங்க வாய்ப்பு அதிகம், சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

மகளும் மனைவியும்

தந்தைக்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 17இல் 1 என்று கணக்கிடுகிறார்கள். அதாவது பதினேழு பிள்ளைகளில் பதினாறு பேருக்கு வராது. உங்களைப் போலத் தாமதமாக, மெதுவாக வந்தவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. உங்களுக்கு லாடா உறுதியானால் மகளுக்கும் ஆன்டிபாடி பார்ப்பது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசலாம். முன்பெல்லாம் ‘தெரிந்து என்ன செய்வது?’ என்பார்கள். 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து, ஆன்டிபாடிகள் வந்து சர்க்கரையும் லேசாகத் தடம் மாறத் தொடங்கியவர்களுக்கு நோய் வெளிப்படுவதைச் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறது. எட்டு வயது முதல்தான் அதற்கு முதலில் அனுமதி கொடுத்தார்கள். மகளுக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை. அதிகத் தாகம், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, எடை குறைவது என்று கண்டால் மட்டும் அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இந்த வீட்டில் யாரும் கவனிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார், உங்கள் மனைவி. கர்ப்பத்தில் வரும் சர்க்கரை பிரசவத்தோடு இறங்குவது வழக்கம்தான். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிரசவமாகி 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு டெஸ்ட், அதன் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். மகளுக்கு ஆறு வயதாகிறது. இத்தனை வருடத்தில் மனைவி ஒருமுறையாவது பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் டெஸ்ட்டுக்குப் போகிற நாளில் அவரையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழேயும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140க்குக் கீழேயும் இருந்தால் அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 அல்லது இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 என்றால், அவருக்குச் சர்க்கரை வராமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் நடைக்கு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126ஐயோ, இரண்டு மணி நேரத்தில் 200ஐயோ தொட்டிருந்தால், உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டப்போகும்போது அவருடையதையும் சேர்த்தே மருத்துவரிடம் கொடுங்கள்.